பேறுகாலத் தேதி

உப்பு விளைகிற ஊரில் பொய் நெடுநாள் தங்காது, முதல் மழைக்கே கரைந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. ஆகையால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடலாம். உவரிமேட்டு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் எந்தப் பெண்ணின் பேருக்கு நேராக எந்தத் தேதி விழுந்ததோ, அந்தத் தேதியில்தான் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. ஒரு நாள் முந்தியதுமில்லை, ஒரு நாள் பிந்தியதுமில்லை. ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. கடல் ஏன் கரிக்கிறது என்று யார் கேட்கிறார்கள்?

அந்தத் தேதியை உண்டாக்கியவள் சொர்ணவல்லி. ஒன்பது வருஷமாக ஒப்பந்தக்காரியாகவே அங்கே டேட்டா என்ட்ரி பார்த்தவள். ஜெசிந்தா சிஸ்டர் விரல் விட்டு எண்ணி, ஒன்பது மாசம் ஏழு நாள் என்று நோட்டில் எழுதி, முப்பத்தொன்று வருகிற மாசங்களில் தடுமாறி, அடித்து அடித்து எழுதுவதைப் பார்க்கப் பொறுக்காமல், மாவட்டத்திலிருந்து கழித்துக்கட்டி அனுப்பிய பழைய கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை போட்டாள். பேர், புருஷன் பேர், தெரு, தொழில், கடைசியாகத் தலைக்குக் குளித்த நாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கட்டம், பேறுகாலத் தேதி. அந்தக் கடைசிக் கட்டத்தில் யாரும் எதையும் தட்ட முடியாது. தட்டினால் டங்கென்று சத்தம் போட்டு மறுத்துவிடும். அது பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கும், அங்கே இருக்கிற நாளோடு இருநூற்று எண்பது நாளைக் கூட்டும், வந்த விடையைத் தானே எழுதிக்கொள்ளும். பக்கத்துக் கட்டத்தைத் திருத்தினால் இதுவும் திருந்தும். கணக்கு போட்டுத் தானே நிரம்புகிற அந்தக் கட்டத்தைச் சொர்ணவல்லி முதல் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வாழ்க்கையில் அவள் சொன்னதைக் கேட்ட முதல் ஜீவன் அதுதான்.

முதல் பத்துப் பிள்ளைகள் தேதி தப்பாமல் பிறந்தபோது, "கணக்கு நல்லாத்தான் போடுது" என்றாள் ஜெசிந்தா சிஸ்டர். முப்பதாவது பிள்ளை பிறந்தபோது சிலுவை போட்டுக்கொண்டாள். நூறாவது பிள்ளைக்குச் சிலுவை போடுவதையும் நிறுத்திவிட்டாள், பழகிப்போயிற்று.

ஊருக்கும் பழகிப்போயிற்று. ஜோசியர் பிள்ளை பிறப்பதற்கு ஆறு மாசம் முன்பே ஜாதகக் கட்டம் போட்டு மஞ்சள் தடவி வைத்துக்கொண்டார், ஆட்டோக்காரர்கள் காலண்டரில் பெண்களின் பேரை எழுதி வைத்துச் சவாரியைப் பங்கிட்டுக்கொண்டார்கள், தாய்வீட்டுக்காரர்கள் பஸ்ஸுக்குப் பதறி ஓடாமல் வாழைத்தார் வெட்டி நிதானமாக வந்து இறங்கினார்கள், டீக்கடைக்காரர் பலகையில் இந்த வாரம் யார் யாருக்கு எந்த நாள் என்று சுண்ணாம்பால் எழுதிப் போட்டார், வெளியூரில் லாரி ஓட்டுகிற புருஷன்மார் அந்த நாளுக்குச் சரியாக வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். 'கம்ப்யூட்டர் நாள்' என்றே அதற்குப் பேர் விழுந்துவிட்டது. அதிசயம் என்கிற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கவில்லை.

அந்தத் தேதியை வைத்து முதலில் வாயெடுத்தவன் உப்பளத்துக் கங்காணிதான், அதுவும் வேறு வார்த்தையோடு.

உவரிமேட்டில் பாதிப் பெண்கள் கனகசபாபதி முதலாளியின் உப்பளத்தில் வேலை செய்தார்கள். பாத்தியில் விளைந்த உப்பை வாரிப் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து போய் அம்பாரத்தில் கொட்டுகிற வேலை. முன்பெல்லாம் ஏழாம் மாசம் ஆனால் கங்காணி முனகிக்கொண்டாவது வீட்டுக்கு அனுப்புவான், பாத்தியிலேயே வலி கண்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்கிற பயம். இப்போது பயம் போயிற்று. டீக்கடைப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து நின்றான். "ஒன் தேதி வெள்ளிக்கிழமைதானட்டி? இன்னைக்குப் புதன். ஏறு, ஏறு." அவ்வளவுதான். நிறைமாசக்காரிகள் வியாழக்கிழமை சாயங்காலம்வரை உப்புச் சுமந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் காலில் உப்பு வெடிப்போடு வந்து கட்டிலில் படுத்தார்கள். வெடித்த அந்தக் கால்களைப் பார்க்கும்போது சொர்ணவல்லிக்கு உள்ளே ஏதோ கருகும். ஆனாலும், நான் என்ன செய்தேன், கூட்டல் கணக்குத்தானே போட்டேன் என்று நினைத்துக்கொள்வாள்.

பிறகு டாக்டர் தில்லைவேந்தன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்கு அவர்தான் தலைமை. குரலை உயர்த்தாதவர், எதையும் உத்தரவு என்று சொல்லாதவர்.

"ஏம்மா சொர்ணவல்லி, ஞாயித்துக்கிழமை ஸ்டாஃப் கம்மி. வர்ற தேதி ஞாயிறா இருந்தா அதைத் திங்கள்னு காட்டுற மாதிரி ஒரு சின்ன மாத்தம். முடியும்ல?"

முடிந்தது. கிழமையைப் பார், ஞாயிறானால் ஒன்றைக் கூட்டு என்று ஒரு வரி சேர்த்தாள். அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை பிறக்க வேண்டிய பிள்ளை பிறக்கவில்லை. இடுப்பு நொந்து, பனிக்குடம் கனத்து, பிள்ளை வாசலில் வந்து நின்றுகொண்டு, திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கிறவரை அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஊர் அதற்கும் ஒரு பேர் வைத்தது: ஞாயிறு வலி. மாமியார்கள் சுக்குத் தட்டிப் போட்டு அதற்கென்றே ஒரு கஷாயம் கண்டுபிடித்தார்கள். கஷாயம் கண்டுபிடிக்கிற ஊர் கதவை உடைக்காது. சொர்ணவல்லி அதை அப்போதே எண்ணியிருக்க வேண்டும்.

முதலாளியின் மருமகள் உண்டானபோது கணக்கு இன்னும் கொஞ்சம் வளைந்தது. பேரன் ரோகிணியில் பிறந்தால் ஆகாது, மூன்று நாள் தள்ளிப் பிறக்கட்டும் என்று ஜோசியர் சொன்னாராம். டாக்டர் மெல்லச் சொன்னார், "தலைக்குக் குளிச்ச தேதிய மூணு நாள் தள்ளிப் போட்டுரும்மா, யாருக்கு என்ன நஷ்டம்?" போட்டாள். பேரன் ஜம்மென்று மூன்று நாள் தள்ளிப் பிறந்தான். முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுத்தார், அதன் நெற்றியில் தன் பேரையும் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஜெனரேட்டர் வந்த மறுமாசம்தான் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. 'பணிபுரியும் மகளிரின் நலன் கருதி' என்று அது தொடங்கியது. உப்புச் சீசன் நடக்கும்போது உப்பளப் பெண்களுக்குப் பேறுகாலம் வந்தால் அவர்கள் வேலை இழந்து சிரமப்படுகிறார்களாம். ஆகவே, தொழில் என்கிற கட்டத்தில் உப்பளம் என்று இருந்தால், பேறுகாலத் தேதி சீசன் முடிகிற தேதிக்குப் பிறகு விழுகிற மாதிரி அமைத்துக்கொள்ளலாமாம். சீசன் முடியும் தேதியை உப்பள நிர்வாகம் தெரிவிக்குமாம். கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு தனிக் கட்டமாம்.

சொர்ணவல்லி கடிதத்தை மேஜையில் வைத்தாள். "சார், இது பிள்ளைய வயித்துக்குள்ள வச்சுப் பூட்டுத வேலை. நான் செய்ய மாட்டேன்."

டாக்டர் கோபப்படவில்லை. "நீ செய்யாட்டி யாரும் செய்ய மாட்டாங்கன்னு நினைக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

யாரோ செய்தார்கள். மாவட்டத்திலிருந்து ஓர் ஆள் வந்தான், அரை மணி நேரத்தில் அவளுடைய கணக்கைத் திறந்து, தொழிலைப் பார், சீசனைப் பார், எது பிந்தியதோ அதை எழுது என்று சேர்த்தான், பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டினான், டீ குடித்துவிட்டுப் போனான். இனிமேல் கட்டங்களை நிரப்பத்தான் சொர்ணவல்லிக்கு உரிமை; கணக்கைத் தொட உரிமையில்லை. அவள் வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் வந்து உட்கார்ந்து பேர், புருஷன் பேர், தெரு, தொழில் என்று தட்டினாள். உப்பளம், உப்பளம், உப்பளம். அதற்காகத்தான் அவள் பின்னால் தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டாள்.

அந்த வருஷம் ஆனியில் பிறக்க வேண்டியவை புரட்டாசியில் பிறந்தன. பதினோரு மாசம், பன்னிரண்டு மாசம், பதிமூன்று மாசம். பெண்கள் வயிற்றைத் துண்டால் கட்டித் தோளில் முடிந்துகொண்டு உப்புச் சுமந்தார்கள். அதையும் ஊர் விழுங்கியது! தையல்காரர் அதற்கென்றே பின்பக்கம் கயிறு வைத்த ஜாக்கெட் தைத்தார். வளைகாப்பை இரண்டு தரம் நடத்தலாமா என்று பேசினார்கள், நடத்தினார்கள். "எங்க காலத்துல பத்து மாசம், இப்பப் பதிமூணு மாசம், வெலவாசி ஏறலையா, அது மாதிரிதான்" என்று கிழவிகள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சொன்னார்கள். பிறந்த பிள்ளைகளுக்குக் காதை மூடும் முடியும் இரண்டு பல்லும் இருந்தன. "கெட்டிப் பிள்ளை" என்று மெச்சினார்கள். அந்தப் பிள்ளைகள் கங்காணியின் விசில் சத்தம் கேட்டால் மட்டும் வீறிட்டு அழுதன, வயிற்றுக்குள் இருந்தே கேட்டுப் பழகிய சத்தம். அதையும்கூட, "பாரேன், என்ன ஞாபகசக்தி" என்று சிரித்தார்கள்.

சொர்ணவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. தொட்டதையெல்லாம் தாங்கிக்கொள்கிற ஊரின் மேல், தாங்கிக்கொள்வதைப் பொறுமை என்று பேர் சொல்கிற நாக்கின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தட்டச்சுத் தட்டுகிற தன் பத்து விரல்களின் மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிணற்றடியில் ஒருத்தி, "என்ன மைனி, மொகம் கடுகடுன்னு இருக்கு?" என்று கேட்டதற்கு, வாளியைத் தூக்கி எறிந்தாள். வாளி நசுங்கியது. மறுநாளும் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது.

ஐப்பசி வந்தது, வானம் வெள்ளையாகவே இருந்தது. கார்த்திகை வந்தது, பாத்தியில் உப்பு பூத்துக்கொண்டே இருந்தது. முதலாளிக்குக் கொண்டாட்டம்; அப்படி ஒரு சீசனை அவர் அப்பாகூடப் பார்த்ததில்லை. சீசன் எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? அவர் அந்தத் தேதியைத் தெரிவிக்கவே இல்லை. சீசன் முடியும் தேதி என்கிற கட்டம் காலியாக நின்றது. காலியோடு எதைக் கூட்டினாலும் காலிதான், காலியோடு எதை ஒப்பிட்டாலும் காலிதான். அந்த யந்திரத்தின் நியாயம் அது. எனவே உப்பளப் பெண்கள் இருபத்து மூன்று பேருக்கு நேராகவும் பேறுகாலத் தேதி காலியாகிவிட்டது. பிந்திய தேதி இல்லை, தப்பான தேதி இல்லை, தேதியே இல்லை.

அந்த இருபத்து மூன்று பேரில் ஒருத்தி மாரிக்கனி. சொர்ணவல்லியின் தம்பி பெண்டாட்டி, பக்கத்து வீடு, ஒரே சுவர். தம்பி லாரியோடு வடக்கே போனால் இருபது நாள் வர மாட்டான். மாரிக்கனிக்கு எல்லாம் மைனிதான். ஆடியில் பிறக்க வேண்டியது அவள் பிள்ளை. மார்கழி பிறந்தபோது அவளுக்குப் பதினைந்தாம் மாசம். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. அப்படியும் உப்பளத்துக்குப் போனாள். பெட்டி சுமக்க முடியாதவர்களைக் கங்காணி அம்பாரத்துக்குக் கீற்று முடைய உட்கார்த்தி வைத்திருந்தான்.

ஒரு காலையில் சுவரோரம் வந்து நின்றாள். "மைனி, பிள்ள அசையல."

"எப்பயிருந்து?"

"நேத்தையிலயிருந்து. உள்ள கல்லு மாதிரி இருக்கு. நீங்க அந்தத் தேதிய எதாச்சும் செய்யக் கூடாதா?"

"டாக்டர் மாவட்டத்துக்கு எழுதியிருக்காரு கனி. ஃபைலு போயிருக்கு. ரெண்டு நாள் பொறு."

இரண்டு நாள் ஒன்பது நாளாயிற்று. சொர்ணவல்லி தினமும் டாக்டர் அறை வாசலில் போய் நின்றாள். வெளியூருக்குக் கூட்டிப்போய் வயிற்றைக் கிழித்து எடுக்கலாமே என்று ஜெசிந்தா சிஸ்டர் மாரிக்கனியையும் இன்னொருத்தியையும் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள், பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, "பேறுகாலத் தேதி காலியா இருக்கே, எந்த மாசம்னு எழுதுறது? தேதியோட வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள்.

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு இருபத்து மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. உப்பளத்திலிருந்து அப்படியே எழுந்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, உச்சி வெயிலில், வயிறுகள் முன்னே நடக்க அவர்கள் பின்னே நடந்து வந்தார்கள். வராந்தா நிறைந்தது. யாரும் உட்காரவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். "ஃபைல் மூவ் ஆகிட்டு இருக்கும்மா. எல்லாரும் வீட்டுக்குப் போங்க. டென்ஷன் ஆனா பிள்ளைக்கு ஆகாது."

சொர்ணவல்லி அவருக்கு முன்னால் போய் நின்றாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக சார் என்று சொல்லாமல் பேசினாள்.

"ஃபைலு நகருது, பிள்ள நகரலையே! ஒங்க மொதலாளி ஒரு கட்டத்துல ஒரு தேதிய எழுத மாட்டாராம், அதுக்கு இத்தனை வயிறும் காத்துக் கிடக்கணுமாம். ஒங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு வேணும், அவருக்கு மார்கழியிலயும் உப்பு வேணும். இவளுகளுக்கு என்ன வேணும்னு ஒரு நாளு கேட்டீரா? நான்தான் கேட்டேனா? கேக்காமயே தட்டுனேனே, பாவி!"

"நீ கான்ட்ராக்ட் ஆளு, ஞாபகம் வச்சுக்கோ" என்றார் டாக்டர். சத்தம் உயராமல்தான் சொன்னார். பிறகு பின்பக்கமாகப் போய் ஜீப்பில் ஏறினார், போலீஸைக் கூட்டிவர.

சொர்ணவல்லி நாற்காலியை இழுத்துப்போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கடைசிக் கட்டத்தில் தேதியைத் தட்டிப் பார்த்தாள், டங்கென்றது. கணக்கைத் திறக்கப் பார்த்தாள், பாஸ்வேர்ட் கேட்டது. கணக்கைத் தொட முடியாது. ஆனால் கணக்கு எதைத் தின்று வாழ்கிறதோ அந்தக் கட்டங்கள் அவள் கையில் இருந்தன. முதலாளியின் மருமகளுக்குச் செய்த வேலைதான். தொழிலை மாற்றினால் சீசன் விலகிவிடும். குளித்த நாளை, வேண்டிய நாளுக்கு இருநூற்று எண்பது நாள் முன்னால் வைத்தால், வேண்டிய நாள் வந்து விழும்.

ஜெசிந்தா சிஸ்டர் அவள் தோளைத் தொட்டாள். "சொர்ணம், பொய்யான தேதிய எழுதப் போறியே."

"இத்தனை நாளும் உண்மையத்தானே எழுதுனேன் சிஸ்டர். என்ன வெளைஞ்சுது?"

பிறகு வராந்தாவைப் பார்த்துக் கேட்டாள், "ஏட்டி, ஒங்களுக்கெல்லாம் எந்தத் தேதி வேணும்?"

கேள்வி புரியவில்லை என்பது மாதிரி பார்த்தார்கள். மறுபடி கேட்டாள். அப்புறம் ஒருத்தி தயங்கி, நாளைக்கு என்றாள். அடுத்தவளும் நாளைக்கு என்றாள். புருஷன் வெள்ளிக்கிழமைதான் கடலிலிருந்து வருவான், அதனால் வெள்ளி என்றாள் ஒருத்தி. அவளோடு இன்னும் இரண்டு பேர் வெள்ளி கேட்டார்கள். "எனக்கு ஞாயித்துக்கிழமை போடு, டாக்டரு லீவுல வந்து நிக்கட்டும்" என்றாள் இன்னொருத்தி. "ஞாயிறு பூட்டின கணக்குக்குள்ள இருக்கு, போட்டாலும் திங்கள்னுதான் விழும், வேற கேளு" என்றாள் சொர்ணவல்லி. "சரி, நாளைக்கே போடு, விடுவனா?" என்றாள் அவள். அந்த ஊரில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தேதி வாயிலிருந்து கட்டத்துக்குப் போயிற்று.

"தொழில் என்ன போட?"

கூட்டத்தில் யாரோ, "மொதலாளின்னு போடு! ஒரு நாளைக்காவது இருந்துட்டுப் போறோம்" என்றாள். இருபத்து மூன்று தரம் முதலாளி என்று தட்டினாள் சொர்ணவல்லி. விசைப்பலகை உடைகிற மாதிரி தட்டினாள்.

மாரிக்கனி கடைசியில் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒனக்குக் கனி?"

"இப்பவே" என்றாள்.

காலண்டரைப் பார்த்து எண்ணி, நாளை எழுதி, அழுத்தினாள். கடைசிக் கட்டத்தில் அன்றைய தேதி விழுந்த கணத்தில் மாரிக்கனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஜெசிந்தா சிஸ்டர் அவளைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. போலீஸ் இன்னும் வரவில்லை. வராந்தாவில் இருபத்திரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே மாரிக்கனியின் குரல் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. வேறு குரல் கேட்கவில்லை.

பெண் பிள்ளை. கழுத்துவரை முடி, நாலு பல், வளர்ந்து சுருண்ட நகங்கள், யாரையோ பிறாண்டப் புறப்பட்டது போல மூடிய கை. ஒரு வயசுப் பிள்ளையின் கனம். உயிர் போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும் என்றாள் ஜெசிந்தா சிஸ்டர். கம்ப்யூட்டர் சொன்ன தேதி அன்றைக்கும் தப்பவில்லை. பிறப்பதற்குத்தான் அதில் கட்டம் இருந்தது. உயிரோடு என்பதற்குக் கட்டம் இல்லை, அதைச் சொர்ணவல்லி போட்டிருக்கவில்லை.

சொர்ணவல்லி கட்டிலருகே போனாள். மாரிக்கனி அழவில்லை. பிள்ளையின் நகத்தைத் தன் பல்லால் கடித்துக் கடித்துச் சீராக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கேள்விய ஆடியில கேட்டிருக்கலாமே மைனி" என்றாள்.

அடுத்த நகத்துக்குக் குனிந்தாள்.

அன்று சாயங்காலம்தான் போலீஸ் வந்தது, கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போயிற்று. மறுநாள் பத்தொன்பது பேருக்குத் தேதி. ஆஸ்பத்திரியில் இருந்ததோ ஆறு கட்டில். காலை ஒன்பது மணிக்கு அந்தப் பத்தொன்பது பேரும் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவே இல்லை; நேரே கனகசபாபதியின் பங்களாவுக்குப் போனார்கள். காவல்காரன் கேட்டில் கையை விரித்து, "யாரும்மா நீங்கள்லாம்?" என்றான். "மொதலாளி! கம்ப்யூட்டர்ல பாரு" என்றார்கள். ஒரு பெண்ணைத் தடுக்கலாம், வலி வந்த பத்தொன்பது பெண்களை எவன் தடுப்பான்? சலவைக்கல் போட்ட கூடத்தில், ஊஞ்சலின் அடியில், முதலாளியின் அப்பா படத்துக்குக் கீழே, வரிசையாகப் படுத்தார்கள். ஜெசிந்தா சிஸ்டர் கத்தரிக்கோலையும் நூலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கஷாயம் காய்ச்சிய மாமியார்களும் இரண்டு தரம் வளைகாப்பு நடத்திய கிழவிகளும் பானை பானையாக வெந்நீர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாரிக்கனியின் பிள்ளையைக் குழியில் வைத்த மண் இன்னும் அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் முகத்தில் பொறுமை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. மதியத்துக்குள் பதினேழு பிள்ளைகள் உயிரோடு அழுதன. இரண்டு அழவில்லை. அந்த இரண்டையும் துணியில் சுற்றி முதலாளியின் சாப்பாட்டு மேஜையில் கிடத்தினார்கள். அவரைக் கூப்பிட்டார்கள். அவர் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. அவர் வருகிறவரை எடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். சாயங்காலம் இறங்கி வந்தார், பார்த்தார், எதையோ சொல்ல வாயெடுத்தார். "பேசாத. பாரு" என்றாள் ஒரு கிழவி. பார்த்துக்கொண்டு நின்றார், அவர்கள் போதும் என்று சொல்கிறவரை.

அதனால் அவர் திருந்தினார் என்று சொன்னால் அது பொய். கூடத்தைக் கழுவி வெள்ளையடித்தார், அடுத்த சீசனுக்கு வெளியூரிலிருந்து ஆள் பிடித்தார். டாக்டருக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. விசாரணை நடந்தது சொர்ணவல்லிக்குத்தான். மூன்று அதிகாரிகள், ஒரு மேஜை, நாலு தண்ணீர் பாட்டில்.

"தொழில் என்ற கட்டத்தில் முதலாளி என்று பொய்யாகப் பதிவு செய்தது நீங்கள்தானா?"

"ஆமா."

"மாதவிடாய்த் தேதிகளைத் திருத்தியது?"

"நாந்தான்."

"யார் அனுமதியோடு?"

"அந்தந்த வயித்துக்காரிக அனுமதியோட. மூணு பிள்ள செத்துருக்கு சார். அதைக் கேக்கதுக்கு ஒங்க தாள்ல ஒரு கட்டம் இல்லையா?"

இல்லை. தகவல்களைச் சிதைத்த குற்றத்துக்காக அவளை நீக்கினார்கள். கணக்கைப் பழையபடி சரிசெய்ய மாவட்டத்து ஆள் மறுபடி வந்தான். சரிசெய்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ஆனால் அட்டவணையில் நிரப்புவதற்கு யாரும் வரவில்லை.

ஒருத்தியும் வரவில்லை. புதிதாக வந்த டேட்டா என்ட்ரிக்காரன் தெருத் தெருவாகப் போய்க் கேட்டான், கடைசியாகத் தலைக்குக் குளித்த நாள் என்ன என்று. "ஞாபகமில்ல" என்றார்கள். பேர் என்ன? "பேரா? இல்ல." வயிறு தெரிகிறதே என்றான். "சாப்பிட்டேன்" என்றாள் ஒருத்தி. ஜெசிந்தா சிஸ்டர் மட்டும் பையோடு வீடு வீடாக வந்து பிரஷர் பார்த்தாள், வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள், மாத்திரை கொடுத்தாள், எதையும் எழுதவில்லை. பேரே இல்லாத பிள்ளைகளுக்கு யந்திரம் எந்தத் தேதியை எழுதும்? அவை தங்கள் இஷ்டத்துக்குப் பிறந்தன. ஞாயிற்றுக்கிழமையில் பிறந்தன, பொங்கலன்றைக்குப் பிறந்தன, ஓடுகிற பஸ்ஸில் பிறந்தன, சீசன் உச்சத்தில் பட்டப்பகலில் பாத்தி நடுவே பிறந்தன. ஜோசியர் ஓடினார், ஆட்டோக்காரர்கள் ஓடினார்கள், கங்காணி விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதத் தெரியாமல் நின்றான்.

சொர்ணவல்லி ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருஷம் மாரிக்கனி சுவருக்கு அந்தப் பக்கமும் அவள் இந்தப் பக்கமும் இருந்தார்கள். குழம்பு மணம் வந்தது, பேச்சு வரவில்லை. பிறகு ஒரு நாள் கொடியில் துணி காயப்போடும்போது மாரிக்கனியின் வயிறு சொர்ணவல்லியின் கண்ணில் பட்டது. வாய் தானே திறந்துகொண்டது.

"எப்ப கனி?"

மாரிக்கனி துணியை உதறிப் போட்டாள். அவளை நேராகப் பார்த்தாள். "ஒங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டேன் மைனி."

சொர்ணவல்லி மறுபடி கேட்கவில்லை. மனசுக்குள் எண்ணத் தொடங்கிய விரல்களை மடக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மாசங்கள் போயின. தம்பி வந்துபோனான், ஜெசிந்தா சிஸ்டர் வந்துபோனாள், அவர்களிடமும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் எழுந்தது. மெல்லியதாகத் தொடங்கி, மூச்சு வாங்கி, பிறகு கோபத்தோடு, உலகத்தையே ஏசுகிற மாதிரி ஓங்கி அழுதது. அவளுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. சோற்றுக் கையோடு அப்படியே எழுந்து சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.